திரையில் முப்பத்தொரு மண்

மோகன்குமாருக்கு எழுத்து போய்விட்டது. கை கால் போகவில்லை, நினைவு போகவில்லை, வாய் குழறவில்லை. எழுத்து மட்டும் போய்விட்டது. சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை பேப்பரை விரித்தவர், "ஏ புள்ள, இன்னிக்கென்ன பேப்பர் வேற பாஷைல வந்திருக்குது?" என்று கேட்டார். மனைவி வசந்தாமணி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். நல்ல தமிழ்ப் பேப்பர். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் செய்தி. காலங்காத்தாலே கேலி பண்ணுகிறாராக்கும் என்று நினைத்து நாலு பேச்சுப் பேசிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

சேலத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். மூளையின் பின்பக்கம் சின்னதாக ஒரு ரத்த அடைப்பு. எழுத்தைப் பார்த்து இது இன்ன எழுத்து என்று சொல்கிற வழி மட்டும் அறுந்துவிட்டதாம். எண்ணும் அப்படித்தான். வலது ஓரத்தில் பார்வை கொஞ்சம் மறைக்கும். ஆட்களைத் தெரியும், பொருளைத் தெரியும், படத்தைத் தெரியும். "மத்தபடி எல்லாம் நல்லா இருக்குதும்மா" என்றார். "எழுத்து தெரியாம ஆபீஸ்ல உக்காந்து என்னுங்க பண்ணுவாரு? மத்தபடி நல்லா இருக்குதாமா, மத்தபடி!" என்று வசந்தாமணி டாக்டரிடமே சண்டைக்குப் போனாள். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்.

ஆபீஸ் என்றால் திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸ். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற லாரிகள் பதினாலு. ஒன்று ராஜஸ்தானில் நிற்கும், ஒன்று ஒடிசாவில், ஒன்று ஓமலூர்ப் பக்கம். மோகன்குமார் அந்த லாரிகளில் துளைபோடும் இரும்பு ராடு தூக்கி, டிரில்லராகிப் பதினைந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். அதற்கப்புறம் மேனேஜர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை அடி ஓட்டியது, என்ன கல் வந்தது என்று எல்லாம் அவர் மேஜைக் கம்ப்யூட்டரில் இருந்தது. வண்டிக்கு ஒரு ஃபோல்டர். பதினாலும் ஒரே மாதிரி மஞ்சள் பெட்டி, அடியில் பெயர். பெயர்தான் இப்போது அவருக்குப் புழுக்கூட்டம் மாதிரி நெளிகிறதே!

இரண்டு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தாள் வசந்தாமணி. பேப்பரை நிறுத்தினாள். காலண்டரைக் கழற்றினாள். பேனா பென்சில் கண்ணில் பட்டால் மனசு நோகும் என்று அதையும் எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். மனிதர் பேசுவதையே நிறுத்திவிட்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை அதே இடம். கூப்பிட்டால் "ம்" என்பார். இப்படியே போனால் எழுத்து போனதோடு நிற்காது, ஆளும் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை அவருக்குச் சட்டை போட்டுவிட்டு, தானும் புறப்பட்டு, கையைப் பிடித்து ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி சரவணமுத்து நல்ல மனிதர்தான். நாற்பது வயது. அவருடைய அப்பா காலத்திலிருந்து மோகன்குமாரை "அண்ணா" என்று கூப்பிட்டு வளர்ந்தவர். வசந்தாமணியைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பத்து நாள் பாக்கலாங்கக்கா. அண்ணன் உக்காந்து பாக்கட்டும். முடியலீன்னா வேற ஆளு போட்டுத்தானுங்க ஆவோணும். வெளியூர்ல பதினாலு வண்டி நிக்குது. அண்ணனைச் சும்மா உக்கார வெச்சு நாலு பேரு பரிதாபமாப் பாக்கறாப்ல வெக்கறதுக்கு எனக்கும் மனசு வராதுங்க."

"பத்து நாளுங்களா? செரிங்க. நானும் கூட இருக்கலாமுங்களா?"

"இருங்கக்கா. உங்களைப் போன்னு சொல்றதுக்கு எனக்குத் தைரியமிருக்குதுங்களா?"

முதல் நாளே வினை. சுப்பையன் என்ற டிரில்லர் சத்தீஸ்கரிலிருந்து போன் பண்ணினான். போன வாரம் போட்ட போரில் எத்தனை அடிக்குக் கேஸிங் பைப் இறக்கினோம் என்று கேட்டான். மோகன்குமார் ஒரு மஞ்சள் பெட்டியைத் திறந்து, வசந்தாமணி காதில் கிசுகிசுத்ததைக் கேட்டுச் சொன்னார். மறுமுனையில் சுப்பையன் சிரித்துவிட்டான். "அண்ணா, அது ராஜஸ்தான் வண்டிங்க. நான் சுப்பையனுங்க!" மோகன்குமார் போனை வைத்துவிட்டு, "நீ காதுல ஊதாத புள்ள" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

பக்கத்து மேஜையில் கிருத்திகா. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளை பெற்றவள், யாருக்கும் பயப்படாதவள். வசந்தாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பேரு தெரியலீன்னா என்னுங்க? பெட்டி மூஞ்சியவே மாத்திப்போடலாம். வண்டி போட்டோவப் போட்டு உடலாமுங்க. பாத்தாலே தெரியும்."

"மூஞ்சிய மாத்தலாமா?"

"இதென்ன பெரிய வித்தைங்களா? பெட்டி மேல வெச்சு வலது பட்டனை ஒரு அமுக்கு. கடைசில ப்ராப்பர்ட்டீஸ்னு வரும். அதுக்குள்ள சேஞ்ச் ஐகான்னு ஒரு பட்டன். அதுல நம்ம படத்தைக் காட்டி உட்டமுன்னா முடிஞ்சுது. நெசப் பெட்டி உள்ள பத்திரமா இருக்கும். வெளிய இருக்கறது ஷார்ட்கட்டுத்தானுங்க, என்ன வேணாலும் பண்ணலாம்."

வசந்தாமணி பத்தாவது படித்தவள். கம்ப்யூட்டரைத் துடைத்ததுகூடக் கிடையாது. ஆனாலும் பிடிவாதக்காரி. கிருத்திகா இரண்டு தடவை செய்து காட்டினாள், மூன்றாவது தடவை வசந்தாமணியே செய்தாள். மஞ்சள் பெட்டி ஒரு நொடியில் மறைந்து அந்த இடத்தில் லாரி வந்து நின்றது. "அட கடவுளே!" என்று கத்தியே விட்டாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினாலு லாரியும் திரையில் வரிசை கட்டி நின்றன.

மோகன்குமார் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே வண்டியாட்டத்தான் இருக்குது."

உண்மைதானே? ஒரே முதலாளி, ஒரே பச்சைப் பெயிண்ட், ஒரே எலுமிச்சம்பழ மாலை. கட்டைவிரல் அளவுப் படத்தில் எந்த லாரியை எந்த லாரி என்று கண்டுபிடிப்பது? பிரம்மாவாலும் ஆகாது.

அன்று ராத்திரி சோறு போடும்போதே வசந்தாமணிக்கு யோசனை வந்துவிட்டது. திருச்செங்கோட்டு ரிக் லாரிக்கு நம்பர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சாமி பேர்தான். அர்த்தநாரி வண்டி, அங்காளம்மன் வண்டி, பெரியண்ணசாமி வண்டி. சாமி படத்தையே போட்டுவிட்டால்? மறுநாள் முழுக்க இரண்டு பெண்களுமாக உட்கார்ந்து, பதினாலு சாமிகளையும் தேடிப் பிடித்து ஐகானாக மாற்றினார்கள். திரை கும்பாபிஷேகம் ஆன கோயில் மாதிரி ஜொலித்தது. அதற்கு அடுத்த நாள் காலை, இந்தத் தடவை தப்பாது என்று வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

மோகன்குமார் உட்கார்ந்தார். ஒவ்வொரு சாமியையும் அடையாளம் கண்டுகொண்டார். முகம்கூட மலர்ந்தது. அப்புறம் செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளினார். கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை மவுசுக்கு வரவே இல்லை.

"அமுக்குங்க. பெரியண்ணசாமி மேல ரெண்டு தடவ அமுக்குங்க."

"கொல்லிமலைல இருக்கற சாமி தலைல இந்த மவுஸ் அம்ப வெச்சு ரெண்டு குத்துக் குத்தச் சொல்றியா? உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா புள்ள?"

"அது படமுங்க!"

"ஊட்டுல மாட்டியிருக்கறதும் படந்தான். அதைக் குத்துவியா?"

வசந்தாமணிக்கும் அது தப்பாகத்தான் பட்டது. இரண்டு அங்காளம்மன் வந்துவிட்டதே என்று கிருத்திகா அதில் ஒன்றை இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்துக்குமேல் கொண்டுபோனபோது, "ஏய்! அம்மனை எடுத்துக் குப்பைல போடறயா?" என்று வசந்தாமணி போட்ட கூச்சலில் சரவணமுத்துவே உள்ளேயிருந்து ஓடி வந்தார். அந்த அம்மனை நீக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்கப்புறம் பொழுதுக்கும் அந்தத் திரையில் எதையும் தொட முடியாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமிகளையெல்லாம் ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்து, கற்பூரம் காட்டாத குறையாக மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். நாலு நாள் தீர்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வசந்தாமணிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கணவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேறு என்ன படம் கிடைக்கும் என்று அவளாகவே ஒரு வண்டியின் ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே நூற்றுக்கணக்கில் போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் உள்ளங்கை, கையில் ஒரு பிடி மண். அடுத்ததும் அதேதான். அதற்கடுத்ததும்.

"இதென்னுங்க கண்றாவி? ஊரு மண்ணையெல்லாம் போட்டோப் புடிச்சு வெச்சிருக்கீங்க!"

"அண்ணனோட உத்தரவுங்க" என்றாள் கிருத்திகா. "பூமிக்குள்ள ஓட்டறப்போ காத்தோட கல்லு பொடியாயி மேல வருமுல்லீங்க? அம்பது அடிக்கொருக்கா, நடுவுல மண்ணு மாறுனா அப்பவும், அதை அள்ளிப் போட்டோ எடுத்து அனுப்போணும்னு எல்லா வண்டிக்கும் சொல்லியிருந்தாருங்க. பத்து வருசமா வருது. இடத்தை அடைக்குது, அழிச்சுப்போடுன்னு மொதலாளிகூட ரெண்டு தடவ சொன்னாருங்க."

"எதுக்குங்க இத்தனை மண்ணு?" என்று வசந்தாமணி கணவரைப் பார்த்துத் திரும்பினாள். மோகன்குமார் ஜன்னலை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஓமலூரு" என்றார்.

"எது?"

"நீ அம்பு வெச்சிருக்கறயே, அது. எரநூத்தம்பது அடி. அதுக்குப் பக்கத்தால இருக்கறது அதே போரு, முந்நூறு."

வசந்தாமணி அடியிலிருந்த எழுத்தைக் குனிந்து படித்தாள். ஓமலூர், 250. பக்கத்தில் ஓமலூர், 300. வேறொரு ஃபோல்டரைத் திறந்து, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது?" என்றாள்.

"பரமத்தி வேலூரு. ஆத்தோரம். மேல் மண்ணு, நாப்பது அம்பது அடிதான் இருக்கும். கீழ போயிருந்தா வெள்ளை கலந்திருக்கும்."

கையை எடுத்துப் பார்த்தாள். பரமத்தி வேலூர், 50.

"இது?"

"ஒடிசா. இந்தக் கல்லு ஓட்டறதுக்குள்ள ரெண்டு டிரில் பிட்டு தேஞ்சு போச்சு. ஐநூத்துக்கு மேல."

கிருத்திகா எழுந்து வந்து பின்னால் நின்றாள். வசந்தாமணி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். இருபது, முப்பது, நாற்பது. ஒன்றிரண்டில் ஊர் பக்கத்து ஊராக மாறியது, அவ்வளவுதான். அவள் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல், ஒரே பழுப்பு. அவர் கண்ணுக்கு அதில் சிவப்பில் ஒன்பது வகை இருந்தது, கறுப்பில் பளபளப்பு இருந்தது, சொரசொரப்பு இருந்தது, ஈரம் இருந்தது. 'அ'வைப் பார்த்து என்னவென்று தெரியாத மனிதர், நாலு மாநிலத்துப் பூமியின் வயிற்றைப் பாடப்புத்தகம் படிப்பதுபோல் கடகடவென்று படிக்கிறார்! இருபத்தேழு வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறோம், இந்த ஆளுக்குள்ளே இது இருந்தது நமக்குத் தெரியாதே என்று வசந்தாமணி நினைத்தாள். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"கிருத்திகா" என்று மோகன்குமார் கூப்பிட்டார். இரண்டரை மாதத்தில் அவர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "வண்டி வண்டியாப் பிரிச்சதே தப்பு. மொதலாளிக்கு வண்டிதான் கணக்கு. பூமிக்கு ஏது வண்டி? மண்ணு மண்ணாப் பிரிக்கோணும். எந்த மண்ணு வந்தா கீழ என்ன இருக்குதுன்னு தெரியோணும். பத்து வருசமாச் சொல்லோணும்னு நெனச்சேன்."

அடுத்த மூன்று நாளும் அந்த மேஜையில் நடந்தது வேலை என்றால் வேலை, பூஜை என்றால் பூஜை. அவர் திரையைப் பார்த்து, "இது அதோட சேரும், அது வேற" என்று சொல்வார். கிருத்திகா ஃபோல்டர்களைப் பிரிப்பாள். வசந்தாமணி ஒவ்வொரு மண்ணையும் ஐகானாக்கி முகப்பில் வைப்பாள். வலது ஓரம் அவருக்கு மறைக்கும் என்பதால் எல்லாவற்றையும் இடதுபக்கமே அடுக்கினாள். அடியில் பெயர் நெளிந்தது அவர் கண்ணை இழுத்தது. "அதையும் எடுத்துப்போடலாமுங்க" என்றாள் கிருத்திகா. ஆல்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு இருநூற்று ஐம்பத்தைந்து என்று அடித்தால் வெறும் இடம் விழும், அதையே பெயராக வைத்துவிடலாம். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். ஒரே பெயரில் இரண்டு இருக்கக் கூடாதாம், வெறும் பெயரானாலும் சரி. முதல் மண்ணுக்கு ஒரு வெறுமை, இரண்டாவதற்கு இரண்டு வெறுமை. முப்பத்தொன்றாவது மண்ணுக்கு முப்பத்தொரு வெறுமை அடிக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால், ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மறித்துவிடும்.

"இல்லாத பேர்லகூட ரெண்டு பேரு இருக்கக் கூடாதாமா! எவன்டா கண்டுபுடிச்சான் இதை?" என்று வசந்தாமணி திட்டிக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள்.

ஒன்பதாம் நாள் காலை திரையில் எழுத்தே இல்லை. முப்பத்தொரு மண். செம்மண்ணிலிருந்து கருங்கல்வரை, ரோஜா நிறக் கல், உப்பு மாதிரி வெள்ளைக் கல், மினுமினுக்கிற கறுப்பு. ஆயிரம் அடிக்குக் கீழே சூரியனைப் பார்க்காமல் கிடந்ததெல்லாம் கை அகலத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. வசந்தாமணி அதைப் பார்த்தபடி காபி ஆறிப்போவது தெரியாமல் நின்றாள். நாம் நடக்கிற பூமிக்கு உள்ளே இத்தனை நிறமா?

சரவணமுத்து வந்து பார்த்தார். அவருக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை.

"என்ற வண்டியெல்லாம் எங்கீங்க?"

"உள்ள இருக்குதுங்க, பத்திரமா" என்றாள் வசந்தாமணி.

"மேல ஏனுங்கக்கா சேத்த அள்ளி அடிச்சு வெச்சிருக்கீங்க? பேருகூட இல்ல! நாளைக்கு வேற ஒருத்தரு வந்து உக்காந்தா எதை எங்கீன்னு தேடுவாரு?"

வேற ஒருத்தர் என்ற சொல் வாயிலிருந்து விழுந்தபிறகுதான் அவருக்கே அது உறைத்தது. நாளையோடு பத்து நாள். வசந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. "இன்னிக்கு ஒம்பதாம் நாளுதானுங்க" என்றாள். "இன்னும் ஒருநாள் இருக்குது. அதுக்குள்ள அவரத் தூக்கிப் போட்றாதீங்க."

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் டிங் என்றது. சத்தீஸ்கரிலிருந்து சுப்பையன் வழக்கம்போல வாட்ஸ்அப்பில் மண் போட்டோ அனுப்பியிருந்தான். கிருத்திகா அதைப் பெரிதாக்கினாள். உள்ளங்கையில் கேப்பை மாவு மாதிரி ஒரு பொடி, நடுவில் மஞ்சளாகச் சிறு கட்டிகள்.

மோகன்குமார் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சுப்பையனுக்குப் போன் போடு. ராடைத் தூக்கச் சொல்லு."

கிருத்திகா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். இரைச்சலுக்கு நடுவே சுப்பையன் கத்தினான். "எதுக்குங்கண்ணா? முந்நூத்தி நாப்பது அடி வந்திருக்குதுங்க, காத்து அருமையாப் போவுது. கல்லும் கெட்டிதான். நானூறு வரைக்கும் ஓட்டச் சொல்லித் தோட்டத்துக்காரரு நிக்கறாருங்க!"

சரவணமுத்து நெற்றியைத் தேய்த்தார். "அண்ணா, நல்லா ஓடற போரை எப்புடிங்க நிறுத்தச் சொல்றது?"

மோகன்குமாரின் கை மவுசுக்குப் போனது. முப்பத்தொரு மண்ணின்மேல் அம்பு ஒருதரம் ஊர்ந்தது. மூன்றாம் வரிசையில் ஒன்றின்மேல் நின்றது. இரண்டு தட்டு. உள்ளே நாலைந்து போர்கள் இருந்தன. அதில் ஒன்றைத் திறந்தார். யாரும் அவர் காதில் எதையும் சொல்லவில்லை.

"இங்க பாருங்க தம்பி."

அதே கேப்பை மாவு, அதே மஞ்சள் கட்டி. கிருத்திகா அடியிலிருந்ததைப் படித்தாள். "ஒடிசா, முந்நூத்தி முப்பது. ஒம்பது வருசத்துக்கு முந்தினதுங்க." அடுத்த படமும் அதே மண், முந்நூற்று அறுபது. அதற்கடுத்த படத்தில் மண் இல்லை, உள்ளங்கையும் இல்லை. நாலு பேர் ஒரு குழியைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை.

சரவணமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் போர் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. உள்ளே கல் சரிந்து ராடை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கம்பிக்கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து அடித்ததில் சென்றாயன் என்ற ஹெல்பருக்கு வலது கை முழங்கையோடு போனது.

"இந்தக் கட்டி வந்துச்சுன்னா உள்ள பக்கவாட்டுல பொந்து இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் மோகன்குமார். "கல்லு கெட்டியாட்டத்தான் தெரியும். நின்னுக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரே அடியா வரும்."

முதலாளி போனுக்குமேல் குனிந்தார். "சுப்பையா, ராடைத் தூக்குடா. ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. தோட்டத்துக்காரருகிட்ட நான் பேசிக்கறேன்."

சுப்பையன் முணுமுணுத்தான், ஆனால் தூக்கினான். இருபது இருபது அடியாகப் பதினேழு ராடு. ஒவ்வொன்றும் மேலே வந்து கழன்று லாரியில் விழுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. வசந்தாமணி ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கினாள். பதினேழாவது ராடும் நுனியிலிருந்த ஹேமரும் வெளியே வந்துவிட்டதாகச் சுப்பையன் சொன்னான். "ஒண்ணுமே ஆவலீங்களே" என்றும் சேர்த்துச் சொன்னான், குரலில் நக்கலோடு.

சரவணமுத்து மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் போனைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பக்கம் இன்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் ஆட்கள் கத்தினார்கள், யாரோ ஓடினார்கள். சுப்பையன் திரும்ப வந்தபோது அவன் குரல் வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

"அண்ணா… குழிக்குள்ள தடதடன்னு சத்தமுங்க. காலுக்கடில பூமி அதிர்ந்துச்சு. கயித்துல கல்லைக் கட்டி உட்டுப் பாத்தோம். எரநூறு அடிக்குக் கீழ போவ மாட்டீங்குதுங்க. மூடிருச்சுங்கண்ணா. மொத்தமா மூடிருச்சு. நாங்க நாலு பேரும் குழி வாயிலயே நின்னிருப்பமுங்க…"

வசந்தாமணி திரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பூமிக்குள்ளே விழப்போகிற கல்லை இங்கே உட்கார்ந்து ஒரு பிடி மண்ணில் பார்த்த மனிதர், நெற்றி வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. போர் எப்படி முடிந்தாலும் ரிஜிஸ்டரில் அதற்கொரு பக்கம், மேனேஜர் கைப்பட. சரவணமுத்து பீரோவைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்து வந்தார். நேராக மோகன்குமாருக்கு முன்னால் விரித்து, பேனாவையும் அதன்மேல் வைத்தார்.

"எழுதுங்கண்ணா. நீங்கதான் எழுதோணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டு நோட்டை இழுக்கப் போனார். வசந்தாமணியும் கையை நீட்டினாள். இவ்வளவுக்கும் பிறகு, எல்லோர் எதிரிலும் இப்படியா?

மோகன்குமார் பேனாவை எடுத்துவிட்டார்.

எழுதினார். தயங்கவில்லை, திணறவில்லை. அதே சாய்ந்த கையெழுத்து. தேதி, ஊர், அடி என்று கை தன்பாட்டுக்கு ஓடியது. வசந்தாமணி வாயைப் பிளந்து நின்றாள். படிக்கிற வழிதான் அறுந்திருந்தது, எழுதுகிற வழி அப்படியே இருந்திருக்கிறது! இரண்டரை மாதமாக ஒரு பேனாவை அவர் கையில் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கொடுக்காமல் பூட்டி வைத்தவளே அவள்தான். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

பக்கத்தை முடித்துப் பேனாவை மூடினார். எழுதியதை ஒரு கணம் பார்த்தார், யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல். அப்புறம் நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"படி புள்ள. நான் எழுதுனது எனக்கே தெரிய மாட்டீங்குது."

வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "வண்டி, பெரியண்ணசாமி. ஆழம், முந்நூற்று நாற்பது அடி. மண், மஞ்சள் கட்டியோடு கேப்பை மாவு. பக்கவாட்டில் பொந்து. ராடு பதினேழும் ஹேமரும் மேலே வந்தன. ஆட்களுக்குச் சேதமில்லை. டிரில்லர், சுப்பையன். மண் பார்த்தது, மோகன்குமார். மண் அடுக்கியது, கிருத்திகா…"

அவள் நிறுத்திவிட்டாள்.

"ஏன் நின்னுட்ட? தப்பா எழுதிட்டனா?"

"இல்லீங்க" என்றாள். "ஒண்ணுகூடத் தப்பில்லீங்க."

"அப்பப் படி. தம்பி கேக்கட்டும்."

வசந்தாமணி தன் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.